கேஷும் காசும்: ஒரு மண்டிக்காரன் பார்த்த சொற்கணக்கு

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "வரலாறாகவும் இருக்கணும், நம்ம பிள்ளைங்களும் படிக்கணும்" என்று இரண்டு நிபந்தனை போட்டார்கள். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். சித்தூரில் வெல்லமண்டி, பிறகு திருப்பதியில் மளிகை மொத்த வியாபாரம் என்று நாற்பது ஆண்டுகள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். கல்லாவுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் படித்ததுதான் என் கல்வி. ஆகவே, நாள்தோறும் என் கையில் புழங்கிய ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டேன். 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்தான் அது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு பழைய பாக்கி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழா மேடையில் பேசினேன். "ஆங்கிலேயன் சொல்லும் கேஷ் நம்முடைய காசுதான், தமிழன் கொடுத்திராவிட்டால் அவனுக்குப் பணத்தைச் சொல்ல வாயே இருந்திருக்காது" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டம் கலைந்த பிறகு ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார், என்னைத் தனியே அழைத்து, "நயினார் காரு, நீங்க சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதி இத்தாலிக்காரனோடது. வியாபாரி நீங்க, அடுத்தவன் வரவை உங்க பேர்ல எழுதலாமா?" என்றார். மேடையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கையில் புரளுவது ஒன்று, வாக்கில் காப்பது ஒன்று. முதலாவதைப் பேசப்போய் இரண்டாவதைக் கோட்டை விட்டேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததன் சாரத்தை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் சான்றோர் பொறுத்துத் திருத்தியருள வேண்டும்.

கடைக்குள் கேஷ்

முதலில் நம் கடைத்தெருவில் இந்தச் சொல் படும் பாட்டைப் பார்ப்போம். "கேஷா, கடனா?" என்று கேட்டால் அது உடனே கைக்கு வரும் பணம். "அவர் கேஷ் பார்ட்டி" என்றால் பாக்கி வைக்காத ஆள். "கேஷ்ல உக்காந்திருக்கார்" என்றால் அது பணமே இல்லை, இடம். "கேஷைக் கட்டிட்டியா?" என்று கடை அடைக்கும்போது கேட்டால், நாளின் வரவு செலவை ஒப்புப் பார்த்து முடித்தாயா என்று அர்த்தம். செக்கைக் 'கேஷ் பண்ணுவது' வினைச்சொல். கேஷ் டிஸ்கவுண்டு என்பது ரொக்கம் கொடுப்பவருக்கு விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி. எங்கள் பக்கத்துக் கரும்பும் வேர்க்கடலையும் கேஷ் கிராப்; தமிழில் பணப்பயிர் என்று அழகாகச் சொல்லிவிட்டோம். எல்லாவற்றிலும் வேடிக்கை, வங்கியில் வியாபாரிகள் வாங்கும் 'கேஷ் கிரெடிட்'. கேஷ் என்றால் ரொக்கம், கிரெடிட் என்றால் கடன். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதற்கு ஒரு கணக்கும் திறந்து, வட்டியும் போடுகிறார்கள்! அந்தக் கணக்கில் நானும் பல ஆண்டுகள் வட்டி கட்டியவன்தான்.

என் பாட்டனார் எழுதிய நாள்வழியில் 'கேஷ்' என்ற சொல்லே கிடையாது. 'ரொக்கம்', 'கைரொக்கம்' என்றுதான் இருக்கும். எண்களும் தமிழ் எண்களே. தெலுங்கிலும் ரொக்கம் உண்டு. ஆகையால் இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. என் தகப்பனார் 1960களில் எழுதிய பேரேட்டில் 'கேஷ் வரவு' தலைகாட்டுகிறது. என் காலத்தில் பில் புத்தகமே 'கேஷ் பில்' என்று அச்சாகி வந்தது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, தமிழர் தெலுங்கர் என்றில்லாமல் கடைவீதி முழுவதும் ஒரே சொல்தான்: "கேஷ் இல்ல", "கேஷ் லேது". இப்போது போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார்கள். என் கல்லாப்பெட்டி பாதி நாள் காலியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கேஷும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் பேரன், "தாத்தா, உங்க போன்ல கேஷ் ரொம்பச் சேந்துடுச்சு, கிளியர் பண்ணட்டுமா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம்பா, இருக்கட்டும்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கணினிக்காரர்கள் சொல்லும் இந்தக் கேஷ் வேறு குடும்பம். பிரெஞ்சு மொழியில் ஒளித்து வைத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கருவி மறுபடி எடுத்துக்கொள்ள வசதியாக ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் தகவல் அது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. அதுபோலக் காஷியர் என்று ஒரு சொல். பெயராக வந்தால் பணப்பெட்டிக்குப் பொறுப்பாளர். வினையாக வந்தால், பட்டாளத்து அதிகாரியை அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்குவது. இந்த வினைக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. 'உடைத்தல், செல்லாததாக்குதல்' என்ற வேறு வேரிலிருந்து வந்தது. ஒலியை மட்டும் வைத்துச் சொல்லுக்கு உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இவை போதும். மேடையில் நான் செய்ததும் அதையேதான்.

பெட்டியா, பணமா?

ஆசிரியர் சொன்ன இத்தாலிக்காரர் யார்? லத்தீன் மொழியில் 'காப்ஸா' என்றால் பெட்டி. மருந்துக் 'காப்ஸ்யூல்' அதன் குட்டி. சிறு பெட்டி என்று பொருள். மூக்குக்கண்ணாடி வைக்கும் 'கேஸ்' என்பதும் அந்த வழிதான். காப்ஸா இத்தாலியனில் 'காஸ்ஸா' ஆயிற்று. பிரெஞ்சில் 'கேஸ்' என்று ஒலித்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து 'கேஷ்' ஆயிற்று. அப்போது வட்டிக்கடைத் தொழிலிலும் இரட்டைப் பதிவுக் கணக்கிலும் ஐரோப்பாவுக்கு வாத்தியார்கள் இத்தாலியர். தொழிலோடு சொல்லும் போவது இயல்பு. 1598-இல் லண்டனில் ஜான் ஃப்ளோரியோ என்பவர் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில், காஸ்ஸா என்ற சொல்லுக்கு வியாபாரியின் கேஷ் என்றும் பொருள் எழுதியிருக்கிறார். ஆக அந்தக் கேஷ் முதலில் பெட்டி. பிறகு பெட்டியின் பெயர் அதற்குள் இருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. பெட்டி என்ற பொருள் மறைந்து, பணம் என்ற பொருள் மட்டும் நிலைத்தது.

இதைப் படித்தபோது, நம்புவதற்கு எனக்கு எந்தப் பேராசிரியரும் தேவைப்படவில்லை. என் கடையிலேயே சான்று இருந்தது. கல்லா என்றால் பணப்பெட்டி. உருது வழியாக நமக்கு வந்த சொல். தெலுங்கில் 'கல்லா பெட்டெ'. ஆனால் சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குக் கல்லா எப்படி?" என்று கேட்டால் பெட்டியின் ஆரோக்கியத்தையா விசாரிக்கிறார்? அன்றைக்கு வந்த பணத்தைக் கேட்கிறார். லண்டனில் நானூறு ஆண்டுக்கு முன் நடந்தது நம் கடைவீதியிலும் நடந்திருக்கிறது. ஆக, செக்கைக் கேஷ் பண்ணுவதும், கேஷ் பில்லும், கேஷ் கிரெடிட்டும் இந்தப் பெட்டிக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த வரவு நம்முடையது அல்ல. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது சங்கடமில்லை.

நூலில் கோத்த காசு

அப்படியானால் ஆசிரியர் சொன்ன 'சரியான பாதி' எது? ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற சொல் இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கும். இரண்டாவது பதிவு ஒரு சிறு நாணயத்தின் பெயர். இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கியது என்று போட்டு, பிறப்பிடம் தமிழ் 'காசு' என்று எழுதியிருப்பார்கள். ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற சொற்களஞ்சியத்தில் இதற்கு நீண்ட பதிவு உண்டு. பர்னல் அது அச்சாவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1882-இல், காலமாகிவிட்டார்.

காசு நமக்கு எவ்வளவு பழைய சொல்? குறுந்தொகை 67-ஆம் பாட்டில் ஒரு காட்சி. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் தம் நகவிரலால் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறதாம். அள்ளூர் நன்முல்லையாரின் பாட்டு. இங்கே காசு செலவழிக்கும் நாணயமன்று. நகையில் கோக்கும் பொன்மணி. காசு என்பது முதலில் நூலில் ஏறியது, பிறகுதான் சந்தைக்குப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் பொன், மணி, மேகலையில் கோத்த மணி, நாணயம் என்று வரிசையாகப் பொருள்கள் வரும். நடுவே ஒரு பொருள் நம்மைத் திடுக்கிட வைக்கும்: குற்றம். கம்பர் அவையடக்கத்தில் இராமனின் கொற்றத்தைக் 'காசில்' என்று அடைகொடுத்துச் சொல்வது குற்றமற்றது என்ற பொருளில்தான். பணமில்லாத அரசு என்று நினைத்துவிடக் கூடாது.

யாப்பிலும் காசு இருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். திருக்குறளின் முதற் குறள் 'உலகு' என்று பிறப்பு வாய்பாட்டில் முடிகிறது. மக்கட்பேற்றைச் சொல்லும் 60-ஆம் குறள் 'பேறு' என்று காசு வாய்பாட்டில் முடிகிறது. இந்த இலக்கணத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த யாப்பருங்கலக்காரிகை, அமிதசாகரர் என்ற சமண முனிவர் இயற்றியது. நானும் சமணன் என்பதால் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் மன்னிக்கவும். சித்தூரிலிருந்து அதிக தூரமில்லாத வள்ளிமலையில் கங்க அரசன் ராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களும் கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உரசிக்கொள்ளும் நிலம் இது.

உரசிக்கொள்ளும் என்றேன் அல்லவா, காசு இம்மூன்றிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வடமொழியில் 'கர்ஷம்' என்று ஒரு நிறைப்பெயர் இருக்கிறது, அதிலிருந்து காசு வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. யூலும் பர்னலும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கர்ஷம் எடை, காசு மணி என்று தொடங்கியவை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒருமுறை சூடுபட்டவன், அதை மேடையில் முழங்க மாட்டேன்.

சோழர் காலத்தில் காசு முழு நாணயமாகி, வட்டிக்கும் போயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று விதித்திருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் ஆண்டுக்குப் பின் என் கேஷ் கிரெடிட் கணக்கிலும் ஏறத்தாழ அந்த வட்டியைத்தான் ஒரு காலத்தில் கட்டினேன்! ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று காசுக்குள்ளேயே பல வகை இருந்தன. அன்றாடு நற்காசு என்றால் அன்றைய புழக்கத்தில் இருக்கும் நல்ல காசு. தேய்ந்ததையும் போலியையும் தள்ளிவிடுவதற்காகப் போட்ட நிபந்தனை. எழுதியவர் யாரோ, கடன் கொடுத்து ஏமாந்த அனுபவம் உள்ளவராகத்தான் இருக்க வேண்டும்.

நம் திருமலைக் கல்வெட்டுகளுக்கு வந்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்துச் சாமவை, போக சீனிவாசர் என்னும் வெள்ளித் திருமேனியை 966-ஐ ஒட்டி எழுந்தருளச் செய்த செய்தியும் தமிழிலேயே இருக்கிறது. அங்கே பொன்னைக் கழஞ்சில் எண்ணுகிறார்கள். விஜயநகரக் காலத்துக்கு வந்தால் 'நற்பணம்' என்ற கணக்கு நிறைய வருகிறது. 1514-இல் கிருஷ்ணதேவராயர் முப்பதாயிரம் பொன் நாணயங்களால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது.

1598

அந்தக் கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்த சமயத்தில்தான் வெளிநாட்டார் காதில் காசு விழுகிறது. 1510-இல் அச்சான தம் பயண நூலில் வர்த்தேமா என்ற இத்தாலியர், விஜயநகர நாட்டு நாணயங்களைச் சொல்லும்போது, பதினாறு 'காஸ்' சேர்ந்தால் ஒரு வெள்ளித் தாரம் என்று எழுதுகிறார். அதே ஆண்டு கோவாவையும் மறு ஆண்டு மலாக்காவையும் பிடித்த போர்த்துக்கீசியர், காசு என்ற சொல்லைக் கேட்டுத் தம் நாவுக்கு ஏற்றபடி 'காயிஷா' என்று ஆக்கிக்கொண்டார்கள். போர்த்துக்கீசில் பெட்டிக்கும் அதே காயிஷாதான் பெயர். அதுவும் லத்தீன் காப்ஸாவின் வாரிசு. வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு காயிஷா இருந்ததால் புதிதாக வந்த தமிழ்க் காசுக்கும் அந்தச் சட்டையையே மாட்டிவிட்டார்கள் போலும். இரண்டு சொற்களும் முதலில் முட்டிக்கொண்ட இடம் இதுதான்.

மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் போனவர்கள் அங்கே நடுவில் ஓட்டையுள்ள மலிவான சீன வகைச் சில்லறையைப் பார்த்தார்கள். அதற்கும் காயிஷா என்றே பெயர் வைத்தார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, சுந்தா நாட்டில் இந்தக் காயிஷாவை நூலில் கோத்து, இருநூறும் ஆயிரமுமாகச் சரம் சரமாக வைத்திருப்பார்கள் என்ற செய்தி லண்டன்காரர்களுக்குத் தெரிந்தது. அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டு 1598. ஃப்ளோரியோவின் அகராதி வந்ததும் 1598, அதே லண்டன்! இத்தாலியிலிருந்து பெட்டியும் தமிழ்நாட்டிலிருந்து காசும் ஒரே ஊருக்கு, ஒரே ஆண்டில், இரண்டு வேறு புத்தகங்களில் ஏறி வந்திருக்கின்றன. இதைக் கண்டபோது கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பையன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன ஐயா?" என்றான். என்னவென்று சொல்ல!

பிறகு ஆங்கிலேயர் சீனத்து ஓட்டை நாணயத்துக்கும் கேஷ் என்றே பெயர் வைத்தார்கள். சீனர்கள் தம் மொழியில் அதை அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் உலகத்து நாணய நூல்கள் எல்லாம் இன்றும் சீனக் கேஷ், வியட்நாம் கேஷ் என்றுதான் எழுதுகின்றன. சீனத்துக் குவாஞ்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நம் வணிகர் அங்கே போய்ச் சிவன் கோயில் எடுத்தார்கள். அவர்கள் கையில் அந்தச் சரக்காசு புரண்டிருக்கும். அதற்கு நம் சொல் பெயராகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

சந்திரகிரிப் பட்டயமும் கடலில் போன காசும்

திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாத குடும்பம் நம்மில் இருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639-இல் சென்னை நிலம் கிடைத்தது, சந்திரகிரி ராஜாக்கள் என்று சொல்லப்படும் விஜயநகர மரபினரின் ஆட்சிப் பகுதியில், அவர்களுக்குக் கீழிருந்த நாயக்கர் கொடுத்ததால்தான். நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம். அடித்தார்கள், கணக்குக்கு உள்ளூர் முறையையே வைத்துக்கொண்டார்கள். எண்பது கேஷ் ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. கம்பெனியின் சென்னைக் கணக்கர்கள் 'கேஷ்' என்று கலம் போட்டு எழுதியது நம் காசைத்தான். அதே பேரேட்டில் ரொக்கத்துக்கும் கேஷ் என்றே எழுதினார்கள். இரண்டு கேஷும் ஒரே ஏட்டில், ஒரே இறகுப் பேனாவில்! எது எது என்று அவர்களுக்குக் குழப்பம் வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது.

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னையில் அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் விஷ்ணு. எழுத்து ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கிலும். சென்னைப் பட்டணத்துக் கம்பெனி, வாங்குபவன் எந்த மொழிக்காரன் என்று பார்த்துப் பொறித்திருக்கிறது. செப்புக் காசுகளை 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எந்திரத்தில் அடித்து அனுப்பினார்கள். இருபது காசு நாணயம் ஒன்றைச் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'இருபது கேஷ்'. பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபுலூஸ்' என்ற பொருளில் வாசகம். 1808-ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. டன் கணக்கில் நம் காசு கடலடியில் கிடந்தது. 1980களில் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கீரைக்கும் வெற்றிலைக்கும் செலவாகியிருக்க வேண்டிய காசு, இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

1818-இல் கம்பெனி வராகனைத் தள்ளி ரூபாயைக் கணக்குக்கு எடுத்தது. நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். அத்துடன் கம்பெனிக் கணக்கில் கேஷ் என்ற நாணயக் கலம் போயிற்று. சமஸ்தானங்களில் நீடித்தது. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு சுதந்திரம் வரை ஓடியது. புதுக்கோட்டையில் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தமிழ் நாட்டுச் சமஸ்தானம், தமிழர் கை, தெலுங்கு எழுத்து. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

என் பாட்டனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1930களில் சித்தூருக்கு வந்தார். 1911-க்கு முன் அவ்விரண்டு ஊரும் ஒரே வடஆர்க்காடு ஜில்லா. அதற்குத் தலைநகரே சித்தூர்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது, 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எங்கள் கடை ஒரு அடி நகரவில்லை. மேலே உள்ள பலகையில் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

தெலுங்குக் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனகாபல்லி வெல்லச் சந்தையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, தம் மகள் கல்யாணத்துக்கு இருபது காசு போட்டதாகச் சொன்னார். இருபது காசா, இதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறாரே என்று நான் விழித்தேன். கடலோர ஆந்திரத்தில் காசு என்றால் தங்கத்தின் நிறை. நாம் சவரன் என்கிறோமே, அந்த எட்டு கிராம். நூற்று அறுபது கிராம் தங்கம் போட்டவரை நான் பரிதாபமாகப் பார்த்திருக்கிறேன்! நம்மிடம் காசு சில்லறைக்கு இறங்கிவிட்டது, அவர்களிடம் குறுந்தொகைக் காலத்துப் பொன்னாகவே இருக்கிறது. நம் பெண்கள் காசுமாலை என்பதை அவர்கள் 'காசுல பேரு' என்பார்கள். கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில் திருச்சானூர்த் தாயாருக்குத் திருமலையிலிருந்து ஊர்வலமாக வரும் மாலைக்கு 'லட்சுமி காசுல ஹாரம்' என்றுதான் பெயர். நூலில் கோத்த பொற்காசு அங்கே இன்னும் கழுத்தில் ஏறுகிறது.

இதுவே நான் சரிபார்த்த ஐந்தொகை. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், லத்தீன் பெட்டி வழி வந்தது. நம் பெயரில் வரவு வைக்கக் கூடாது. நாணயப் பெயராக வரும் கேஷ், தென்னாட்டுக் காசு. அதில் தமிழோடு தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் பங்கு உண்டு, கொண்டுபோன கூலி போர்த்துக்கீசியருக்கு. பொங்கல் மேடையில் வாங்கிய கைதட்டலில் பாதியை இதன்மூலம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அச்சுக்கு அனுப்புமுன் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், பார்வை மங்கல். நான் படிக்கக் கேட்டார். 1598 வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். முடிந்ததும், "போர்த்துக்கீசியனுக்குக் கூலியா? சரி, அதையும் எழுதிக்குங்க" என்றார்.